நோர்சாங் கைக்கு அகப்பட்டது

நோர்சாங் கையில் எதுவும் நிற்காது என்பது எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த விஷயம். யாக் மாட்டைப் பிடிக்கக் கயிறு வீசினால் அது பக்கத்தில் நிற்கிறவனின் தொப்பியில் போய் மாட்டும். ஆட்டுக்குட்டியைத் தூக்கி வரச் சொன்னால் குட்டி ஒரு பக்கம் ஓடும், இவன் ஓடைக்குள் ஒரு பக்கம் கிடப்பான். போகிற வீடுகளில் எல்லாருக்கும் பீங்கான் கிண்ணத்தில் தேநீர் வரும், இவனுக்கு மட்டும் மரக்கிண்ணம். அதற்காக அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மலைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம் அவனுடையது. மூன்று பேரில் கடைசி. சின்ன வயதிலேயே மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நெடுநேரப் பிரார்த்தனைகளில் உட்கார்ந்தபடியே தூங்கினான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஒருநாள் நெய்விளக்குத் தட்டைத் தூக்கத்தில் தவறவிட்டு, சுவரில் தொங்கிய பழைய படச்சீலையின் ஓரத்தை எரித்துவிட்டான். அதோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில், எங்கள் மலைப்பக்க வழக்கப்படி, அண்ணன்மார் இருவருக்கும் சேர்த்து ஒரே பெண்டாட்டி. தம்பியையும் சேர்த்துக்கொள் என்று மாமனார் கேட்டபோது அவள் கையை விரித்துவிட்டாள். "ரெண்டு பேருக்கு வடிச்சுக் கொட்டுறதே பெரும்பாடு. இதுல தூங்குமூஞ்சி வேறயா எனக்கு?" என்றாளாம்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்தில் யூத்ரோனின் அப்பா வீட்டோடு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். ஒரே பெண். மந்தை, கூடாரம், குளிர்கால வீடு எல்லாம் அவள் பேரில். கல்யாணத்தன்று வாசலில் வந்து இறங்கும்போதே குதிரை மாப்பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டது. கூடி நின்ற சனமெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க, யூத்ரோன் ஒருத்திதான் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அவன் இடுப்புக் கச்சையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அன்று பிடித்த பிடியை அவள் பிறகு விடவே இல்லை.

சாவிக்கொத்து அவள் இடுப்பில். பேச்சு அவள் வாயில். இவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக ஊர் கொஞ்ச நாள் உச்சுக்கொட்டிப் பார்த்தது, இவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் சிரித்துக்கொண்டே திரிவதைக் கண்டு அலுத்துப்போய் விட்டுவிட்டது. வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் இளக்காரம்தான். நோர்சாங்குக்கு அந்த இளக்காரமே உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

ஐம்பதைத் தொட்ட வயதில் யூத்ரோனுக்கு வயிறு வலித்தது. கோடை முழுக்கக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் சமாளித்தாள். ஒருநாள் பால் செம்போடு சுருண்டு விழுந்த பிறகுதான் நோர்சாங்குக்கே தெரியும். அவளுடைய சித்தப்பா மகன் ரிக்ஸின் லாரி ஓட்டுகிறவன், நகரத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் போய் வருகிறவன். அவன் அக்காவை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் நகரத்து ஆஸ்பத்திரியில் காட்டினான். அங்கே ஒரு பெண் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னாள். வயிற்றில் கட்டி. இந்த மாதத்துக்குள் அறுத்து எடுத்தால் பிழைக்க வழி உண்டு. தள்ளிப்போட்டால் தன் கையில் இல்லை.

ஊர் திரும்பி வீட்டில் வந்து உட்கார்ந்ததும் யூத்ரோன் நோர்சாங்கிடம் கேட்டாள்.

"ஏய்யா, செத்த பிறகு பொணத்தைக் கழுகுக்குப் போட அறுக்கிறாங்க, நம்ம வழக்கம், அது சரி. உசிரோட அறுக்கிறதுங்கிறாளே, அது என்னய்யா நியாயம்?"

"மருந்து குடுத்துத் தூங்க வச்சிருவாங்களாம். ரிக்ஸின் சொன்னான்."

"தூங்கிறதுக்கு நீ போ. உனக்குத்தான் அது நல்லா வரும்."

சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் பயந்து நோர்சாங் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கத்திக்கு யூத்ரோன் சம்மதித்தாள். ஆனால் முதலில் ட்ராக்சூ வெந்நீர் ஊற்றில் ஒரு வாரம் உட்கார்ந்து எழ வேண்டும். அது இலையுதிர் காலம், வானத்தில் முனிவர் நட்சத்திரம் ஏறிவிட்டது, தண்ணீரெல்லாம் மருந்தாகிற நேரம். ரிக்ஸின் சரக்கு இறக்கிவிட்டு வாரக் கடைசியில் ட்ராக்சூ வழியாகத்தான் திரும்புவான். ஊற்றிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு. "ஒரு வாரம், அவ்வளவுதான் அக்கா," என்று ரிக்ஸின் விரலை நீட்டி எச்சரித்துவிட்டுப் போனான்.

ட்ராக்சூவில் ஆணுக்கு ஒரு குளம், பெண்ணுக்கு ஒரு குளம். நடுவில் ஆள் உயரத்துக்குக் கல்சுவர். மேலே ஆண்கள் குளத்தில் பொங்குகிற தண்ணீர், சுவரின் அடியில் உள்ள ஒரு பொந்து வழியாகப் பெண்கள் குளத்துக்குப் போகும். அந்தப் பொந்தோரம்தான் சூடு அதிகம், அங்கே உட்காரத்தான் போட்டி. பாறை இடுக்குகளில் முழ நீளத்துக்குப் பாம்புகள் உண்டு. கடிக்காது, விஷமும் கிடையாது. சூட்டுக்காக அங்கேயே குடியிருக்கிற சாதி. எங்களுக்கு அவை நீருக்குச் சொந்தக்காரர்களான நாகர்கள். குளிக்கிறவர்கள் நடுவே நீந்தி வந்து யாருடைய நோவுள்ள இடத்தைத் தொடுகிறார்களோ, அவர்கள் நோயை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நம்பிக்கை. கூப்பிடக் கூடாது, விரட்டக் கூடாது, கையால் தொடவே கூடாது. ஒருமுறை கம்பளி வியாபாரி ஒருவர் குளித்துவிட்டு ஏறினால், அவர் கால்சட்டைக்குள் நாகர் சுருண்டு படுத்துத் தூங்குகிறார். எழுந்து போகிறவரைக்கும் அந்தப் பெரிய மனுசர் பனிக்காற்றில் கோவணம்கூட இல்லாமல் கும்பிட்டபடி நின்றார்.

போன முதல் நாளே அடுத்த முகாமைச் சேர்ந்த பூத்ரியின் முழங்காலை நாகர் தொட்டுவிட்டார். பூத்ரிக்கு வாய் கொஞ்சம் நீளம். முழங்காலைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள். மறுநாள் இன்னொருத்தியின் தோள். பிறகு ஒரு கைக்குழந்தையின் காது. யூத்ரோனின் பக்கம் எதுவும் வரவில்லை. அவள் பொந்தோரம் இடம் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் திறந்து வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு பாம்பு அவளை நோக்கி வந்து, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் திரும்பிப் போயே போய்விட்டது.

"எதுக்கும் ஒரு கணக்கு இருக்கும்ல," என்றாள் பூத்ரி. "எங்கயாச்சும் ஊத்துல அசிங்கம் பண்ணியிருப்ப. நெனச்சுப் பாரு யூத்ரோன்."

"உன் முழங்காலத் தொட்டவருக்கு என்ன கணக்கோ, அதான் எனக்கும்," என்று யூத்ரோன் பதில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்கு வந்து ஆட்டுத்தோலை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதாள். குளித்த உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று நோர்சாங் வாசல் துணியை இழுத்துக் கட்டினான். கொழுப்பு மிதக்கிற எலும்புச் சூப்பை ஆற்றிக் கொடுத்தான். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"நாகருக்கே நான் வேண்டாம்னா, அந்த டாக்டர் பொண்ணு கைக்கு மட்டும் நான் பொழைப்பேனாக்கும்," என்றாள்.

இந்த வார்த்தைதான் நோர்சாங்கைக் குடைந்தது. இப்படியே உடைந்த மனதோடு கத்திக்குக் கீழே படுத்தால் திரும்ப எழமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பயந்த ஆட்டைப் பிடித்தால்கூட அது அப்படியே செத்துப்போவதை அவன் பார்த்திருக்கிறான். இவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தால் போதும். அந்தத் தைரியத்தோடு லாரியில் ஏறிவிட்டால் மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வாள். அவன் நினைத்தது இவ்வளவுதான். இதில் என்ன தப்பு என்று நானும் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் உச்சிப் பொழுதில் ஆண்களெல்லாம் சூப்புக் குடிக்கப் போய்விட்டார்கள். குளத்தில் நோர்சாங் மட்டும். பாறை விளிம்பில் ஒரு பாம்பு வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. "மன்னிச்சிருங்க சாமி, என் பொண்டாட்டிக்காக," என்று மூன்று தரம் முணுமுணுத்தான். கழற்றி வைத்திருந்த அங்கியின் நீளக் கையைத் தன் கைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு பாய்ந்தான். வாழ்க்கையில் எதையும் முதல் பாய்ச்சலில் பிடித்தறியாதவன். அன்று பாம்பு அவன் கைக்குள் இருந்தது.

பிடித்துவிட்டதில் அவனுக்கே அதிர்ச்சி. மறு யோசனை வருவதற்குள் தண்ணீரில் மூழ்கி, சுவர்ப் பொந்தில் அங்கிக் கையை வைத்துத் தளர்த்திவிட்டான். பாம்பு தண்ணீரோடு அந்தப் பக்கம் போயிற்று. சுவரில் காதை வைத்துக் கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு யூத்ரோனின் குரல் கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு கூச்சலை அவன் அதுவரை கேட்டதில்லை. "தொட்டுட்டாரு! வயித்துல! வயித்துலயே தொட்டுட்டாரு!" தொடர்ந்து பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்கள். பூத்ரியின் குரல்தான் அதில் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அன்று யூத்ரோன் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்து கூடாரத்துக்கு வந்தாள். இரண்டு கிண்ணம் சூப்புக் குடித்தாள். மூன்றாவது கிண்ணத்தில் பார்லி மாவைப் பிசைந்து சாப்பிட்டாள். நோர்சாங்கின் தாடியைப் பிடித்து இழுத்து, "நரைச்சுப் போச்சேய்யா, எப்போ?" என்று கேட்டாள். அவன் அழுதுவிட்டான். சந்தோஷத்தில்தான் அழுதான். குற்ற உணர்ச்சி அப்போது அவனுக்குத் துளியும் இல்லை.

வாரக் கடைசியில் ரிக்ஸினின் லாரி வந்து ஹாரன் அடித்தது. நோர்சாங் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். யூத்ரோன் அந்த மூட்டையை அவன் தோளிலிருந்து இறக்கி, கழுத்துமணி கட்டிய தன் யாக்கின்மேல் ஏற்றினாள்.

"எங்க அக்கா?" என்றான் ரிக்ஸின்.

"வீட்டுக்கு. வேற எங்க?"

"ஆஸ்பத்திரியில நாளைக்கு உனக்கு இடம் போட்டு வச்சிருக்கு!"

"வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லு. நான் தண்ணிக்குள்ள உட்கார்ந்தே நேர்ந்துகிட்டேன். நீ தொடலைன்னா நான் கத்திக்குப் போறேன், தொட்டுட்டா கத்தி பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு. அவரு தொட்டுட்டாரு. இப்போ போனா அவர நம்பலைன்னு ஆயிடும். போன நோய் ரெட்டிப்பா வந்து உட்காரும்."

"ஆமாமா," என்றாள் பூத்ரி. அவள் இல்லாமல் எங்கே எது நடந்தது?

இந்த நேர்ச்சை நோர்சாங்குக்குத் தெரியாது. தைரியம் வரட்டும் என்று அவன் செய்த காரியம், அவள் பிழைக்க இருந்த ஒரே வழியைப் போய் அடைத்துவிட்டிருந்தது. ரிக்ஸின் அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினான், கத்தினான், சக்கரத்தை உதைத்தான். பிறகு நோர்சாங்கின் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீங்க எல்லாம் ஒரு ஆம்பளையா? அதட்டி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சாப்பிட மட்டும்தான் இந்த வீட்டுக்கு வந்தீங்களா?"

நோர்சாங் வாயைத் திறந்தான். அதட்டல் வரவில்லை. உண்மை வந்தது.

"யூத்ரோன், அது நாகரா வந்து தொடல. நான்தான் பிடிச்சு விட்டேன். அங்கிக் கையால பிடிச்சு, பொந்து வழியா நான்தான் அந்தப் பக்கம் விட்டேன். நீ அழுதியே, அது பொறுக்கல. அது ஒண்ணுமில்ல யூத்ரோன், வெறும் பாம்பு. நீ லாரியில ஏறு."

பெண்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். நோர்சாங் தன் வலது கையை நீட்டிக் காட்டினான், அதில் ஏதோ எழுதி இருக்கிறது போல. பூத்ரி மண்ணை வாரித் தூற்றினாள். "பாவி! தொட்ட கை அழுகிப் போகும்டா!"

யூத்ரோன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் கூட இருந்தவள், இதுகூடத் தெரியாதா? முகம் கொஞ்சம் வெளுத்தது. நோர்சாங் அவள் லாரிப் பக்கம் காலை எடுத்து வைப்பாள் என்று காத்திருந்தான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"நீ பிடிச்சியா? நீ? உன் கையில ஒரு ஆட்டுக்குட்டி நிக்குமாய்யா? நின்ன இடத்துல நிக்கிற குதிரை உன் கையில நிக்காது. ஓடுற பாம்ப நீ பிடிச்சியாக்கும்! எத்தன பாய்ச்சல்ல பிடிச்ச?"

"ஒரே பாய்ச்சல்ல," என்றான் நோர்சாங், எதைச் சொல்கிறோம் என்று உணராமலே.

"கேட்டீங்களா எல்லாரும்? ஒரே பாய்ச்சல்ல!" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள் யூத்ரோன். "அவரா வந்து இந்த மனுசன் கையில உட்கார்ந்திருக்காரு. சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருக்கேன், எங்கிட்ட கொண்டுபோய் விடுடான்னு வந்து உட்கார்ந்திருக்காரு. அவரா இடம் குடுக்கலைன்னா இந்தக் கைக்கு ஒரு பாம்பு அகப்படுமா?"

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. சற்று முன் மண்ணை வாரித் தூற்றிய பூத்ரியே வந்து நோர்சாங்கின் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவன் கையை உதறிக்கொண்டு கத்தினான், வெறும் பாம்பு, வெறும் பாம்பு என்று தொண்டை கிழியக் கத்தினான். எத்தனை கத்தினானோ அத்தனைக்கு அவர்கள் பக்தி ஏறியது. ரிக்ஸின் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கையையும் காலையும் கட்டித் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்கிற யாரும் அன்று கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க முன்வரவில்லை. நோர்சாங் அவள் வீட்டில் சாப்பிடுகிறவன். அவளை மீறி ஒரு ஆட்டை விற்றதில்லை. எந்த வாயால் அதட்டுவான், எந்தக் கையால் கட்டுவான்? அவள் யாக்கின் பின்னாலேயே நடந்து வீடு வந்து சேர்ந்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் யூத்ரோன் நன்றாகத்தான் இருந்தாள், அதுதான் கொடுமை. கன்னத்தில் நிறம் வந்தது. மந்தையைக் குளிர்கால மேய்ச்சலுக்கு இறக்குகிற வேலையை முன்னால் நின்று நடத்தினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அவள் கச்சையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். சிலர் நோர்சாங்கிடமும் வந்தார்கள், நோயாளிப் பிள்ளைகளின் தலையில் அந்தக் கையை வைக்கச் சொல்லி. மந்தையில் இருந்தாலும் தேடி வந்தார்கள். அவன் பாறை மறைவுகளில் ஒளிந்துகொண்டு திரிந்தான். தப்பித்தவறி அவளுக்கு உண்மையாகவே சரியாகிவிட்டிருந்தால்? ஒருவேளை அவள் சொன்னதுதான் உண்மையோ? அப்படியும் அவன் நினைத்துப் பார்த்தான். நினைத்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டான்.

முதல் பெரும் பனி விழுந்த வாரத்தில் அவளுக்கு வலி திரும்பியது. வயிறு உப்பியது, கை கால் குச்சியாகிக்கொண்டு வந்தது. அவளாகவே சொன்னாள்.

"அது போயிடுச்சுய்யா. இது வேற."

"வேறன்னா?"

"வேற நோய். அத நாகர் எடுத்துட்டுப் போயிட்டாரு. இது புதுசா வந்தது. இதுக்கு நேர்ச்சை ஒண்ணும் இல்ல. ரிக்ஸினுக்குச் சொல்லி அனுப்பு."

ஆக, அவளே போகிறேன் என்றாள். கணவாய் பனியில் மூடிக் கிடந்தது. திறக்கும்வரை நோர்சாங் தினமும் ஏறிப்போய் பாதையைப் பார்த்துவிட்டு வந்தான். திறந்த அன்றே ரிக்ஸின் லாரியோடு வந்தான். ஒரு குத்தல் பேச்சு இல்லை, அக்காவைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வைத்தான். ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். படத்தைப் பார்த்தாள், யூத்ரோனைப் பார்த்தாள். "ஏன் அப்பவே வரல?" என்று நோர்சாங்கைக் கேட்டாள். அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் வலிக்கு மாத்திரைகள் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது லாரி ட்ராக்சூவுக்குப் பாதை பிரிகிற இடத்தை அடைந்தது. கம்பளிக்குள்ளிருந்து யூத்ரோன் பேசினாள்.

"இங்க நிறுத்து ரிக்ஸின். கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்."

வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் துணிவில்லை. இந்தப் பருவத்தில் ஊற்றில் ஈ காக்கை கிடையாது. ரிக்ஸின் லாரியிலேயே இருந்துவிட்டான். நோர்சாங் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒரு கையில் அடங்குகிற எடைதான். ஒருமுறைகூடத் தவறவிடவில்லை, கால் தடுக்கவும் இல்லை. பெண்கள் குளத்தில் அங்கியோடு தானும் இறங்கி, பொந்தோரம் அவளை உட்கார்த்தி, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். சுற்றிலும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் நன்றாகச் சுட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்.

"இன்னொண்ணு பிடிச்சு விடுய்யா."

"என்னது?"

"அன்னிக்கு மாதிரி. இன்னொண்ணு பிடிச்சு விடு. உன் கைக்கு அகப்படும்."

குளிர்காலத்தில் அவை பாறைக்கு உள்ளே, வெகு ஆழத்தில் போய்விடும். எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கும் அது தெரியும். யூத்ரோனுக்குத் தெரியாமல் இருக்குமா? நோர்சாங் அவளைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு கல்லாகப் புரட்டினான். இடுக்குகளில் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். சுவரேறி ஆண்கள் குளத்துக்குப் போய், தண்ணீர் பொங்குகிற வாயிலேயே கையை விட்டான், தோல் வெந்தது. சாமி, சாமி என்று கெஞ்சினான். அந்த மனுசன் தன் வாழ்க்கையில் அப்படி எதையும் வேண்டிக் கேட்டதில்லை. ஒரு பாம்பு, ஒரு குட்டிப் பாம்புகூட இல்லை.

வெறும் கையோடு வந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. பழையபடி அவள் பின்னால் உட்கார்ந்து, தண்ணீருக்கு அடியில் கையை நீட்டி, சுண்டுவிரலால் அவள் வயிற்றில் மெல்ல ஒரு கோடு இழுத்தான். நெளித்து நெளித்து இழுத்தான்.

அவள் உடம்பு சிலிர்த்தது. "வந்துட்டாரா?" என்றாள்.

"வந்துட்டாரு."

விரல் நெளிந்துகொண்டே இருந்தது.

"ஏய்யா," என்றாள் யூத்ரோன், கண்ணைத் திறக்காமலே. "பாம்புக்கு நகம் இருக்குமா?"

நோர்சாங்கின் விரல் நின்றுவிட்டது. அவன் கண்ணீர் அவள் உச்சந்தலையில் சொட்டியது.

"இருக்காது," என்றான்.

"சரி. எடுக்காத. அப்படியே வச்சிரு."

அவள் தன் கையைக் கொண்டுவந்து அவன் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். ரிக்ஸின் மேலே லாரியில் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டான்.